நட்சத்திரம் போட்டேன், தலைப்பு வரவில்லையே!

போன இதழில் ஈமேக்ஸ் எடிட்டரில் (எழுத்துக் கோப்புகளை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள்) இருக்கும் ஆர்க்-மோட் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதிவைத்தேன். கடலூர், புதுவைப் பக்கத்திலிருந்து அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதிலும் கற்றுக்கொள்கிறவர்களைவிடக் கற்றுக்கொடுக்கிறவர்கள்தான் அதிகம் புலம்பியிருக்கிறார்கள். அதனால் பிரின்டர், வைரஸ், வாட்ஸ்அப் கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்கு.

முதல் முறை படிப்பவர்களுக்காக: ஆர்க்-மோட் என்பது சாதாரண எழுத்துக் கோப்பிலேயே நட்சத்திரம், சிறுகோடு, சதுர அடைப்பு மாதிரி சின்னக் குறிகளைப் போட்டுத் தலைப்பு, பட்டியல், அட்டவணை எல்லாம் அமைத்துக்கொள்ளும் வசதி. எழுதி முடித்த பிறகு அதையே வலைப்பக்கமாகவோ லிப்ரேஆபீஸ் ஆவணமாகவோ பி.டி.எஃப். ஆகவோ மாற்றிக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாமில் வேலைபார்த்த கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-ல் தொடங்கியது. 2007-ல் வந்த ஈமேக்ஸ் 22 முதல் எடிட்டரோடு சேர்ந்தே வருகிறது. தனியாகக் காசும் இல்லை, தனியாக இறக்க வேண்டியதும் இல்லை.

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களுக்கு இலவசக் கணினி வகுப்பு நடத்துகிறோம். ஆர்க்-மோடுக்கு நானே தமிழில் ஒரு டுடோரியல் எழுதினேன். முதலில் ஈமேக்ஸ் வரலாறு, அடுத்து இன்ஸ்டால் செய்வது, அடுத்து செட்டிங்ஸ் ஃபைல், அப்புறம் எல்லாக் குறிகளுக்கும் ஓர் அட்டவணை, அப்புறம் ஷார்ட்கட் பட்டியல், கடைசியில் பயிற்சி. படித்த நண்பர்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். ஆனால் அடுத்த வகுப்புக்குப் பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களும் நோட்பேடைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே கோட்டை விட்டேன்? (கல்லூரி மாணவர், கடலூர்)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய டுடோரியலை முழுக்கப் படித்தேன். தகவலில் ஒரு குறையும் இல்லை, வரிசையில்தான் கோளாறு. கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களே பயிற்சி, அது முதல் பக்கத்துக்கு வர வேண்டும். பஸ்ஸில் ஏறினவனுக்கு முதலில் வேண்டியது டிக்கெட், டிப்போ எந்த வருஷம் கட்டினார்கள் என்பது இல்லை. பிரமாதம் என்று சொன்ன நண்பர்கள் யார்? ஏற்கெனவே ஈமேக்ஸ் தெரிந்தவர்கள். அவர்களுக்கு உங்கள் அட்டவணை உதவும், சந்தேகமே இல்லை. ஆனால் அது தெரிந்தவன் மறந்துவிட்டால் எடுத்துப் பார்க்கிற காகிதம், தெரியாதவன் கையில் கொடுக்கிற காகிதம் வேறு.

முதல் வகுப்பில் அந்தப் பையன் வீட்டுக்கு எடுத்துப்போகிற மாதிரி ஒரே ஒரு ஆவணம் செய்ய வையுங்கள். 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று பார்த்த ஊர் நம்முடையது. ஆகவே மழைக்காலத்துக்கு வீட்டில் எடுத்துவைக்க வேண்டியவற்றின் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். டுடோரியலின் முதல் பக்கம் இப்படிப் போகட்டும்.

ஈமேக்ஸைத் திற. கன்ட்ரோலை அழுத்தியபடியே எக்ஸ், அப்புறம் கன்ட்ரோலை அழுத்தியபடியே எஃப். திரையின் அடிவரியில் எந்த ஃபைல் என்று கேட்கும். ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் அடித்து, புள்ளி வைத்து, ஓ-ஆர்-ஜி என்று முடித்து என்டர். (அந்த மூன்று எழுத்து வால் இல்லாவிட்டால் ஆர்க்-மோட் விழித்துக்கொள்ளாது, நீங்கள் என்ன குறி போட்டாலும் அது வெறும் எழுத்தாகவே கிடக்கும். உங்கள் டுடோரியலில் இந்தத் தகவல் எட்டாம் பக்கத்து அடிக்குறிப்பில் இருக்கிறது!) வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரம், ஓர் இடைவெளி, பிறகு 'புயலுக்கு முன்' என்று எழுது. அந்த வரி நிறம் மாறும். நிறம் மாறியதா? மாறவில்லை என்றால் நட்சத்திரத்துக்குப் பின்னால் இடைவெளி விட்டாயா என்று பார், நட்சத்திரத்துக்கு முன்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார், ஃபைல் பெயரின் வாலைப் பார்.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் உங்கள் டுடோரியலில் எங்குமே இல்லை. இதை அழுத்து, அதை அழுத்து என்று சொல்கிறீர்கள், அழுத்தினால் திரையில் என்ன தெரியும் என்று சொல்லவில்லை, தெரியாவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லவில்லை. புதிதாக வருகிறவனுக்குத் தான் செய்தது சரியா தப்பா என்றே தெரியாது. மூன்று இடத்தில் தெரியாமல் போனால் நாலாவது இடத்தில் நோட்பேட்தான்.

தொடருவோம். அடுத்த வரியில் சிறுகோடு, இடைவெளி, சதுர அடைப்புக்குள் ஓர் இடைவெளி, பிறகு பொருளின் பெயர். இப்படி:

* புயலுக்கு முன் [/]
- [ ] டார்ச் லைட், பேட்டரி
- [ ] மெழுகுவத்தி, தீப்பெட்டி
- [ ] குடத்தில் குடிநீர்
- [ ] ரேஷன் கார்டு, பட்டா நகல் பிளாஸ்டிக் உறையில்

ஒரு வரி முடிந்ததும் ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்து என்டர் தட்டினால் அடுத்த பெட்டி தானாக வந்துவிடும். இப்போது டார்ச் லைட் வரியில் கர்சரை வைத்து கன்ட்ரோல்-சி இரண்டு முறை. பெட்டிக்குள் குறி விழும். அதே நொடியில் மேலே தலைப்பின் ஓரத்தில் [/] என்று இருந்தது [1/4] என்று மாறும். வகுப்பில் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மாணவர்கள் நாலையும் டிக் செய்து, எடுத்து, மறுபடி டிக் செய்து விளையாடட்டும். வெறும் எழுத்து என்று நினைத்தது எண்ணிக்கை வைத்துக்கொள்கிறது என்று கண்ணால் பார்க்கிற இடம் இது. நோட்பேடில் இது நடக்காது.

அப்புறம் கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-இ. எக்ஸ்போர்ட் மெனு, அதாவது கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் மெனு, விரியும். அதில் ஹெச், அடுத்து ஓ. பிரவுசரில் அந்தப் பட்டியல் வலைப்பக்கமாகத் திறக்கும். அதை பிரின்ட் எடுத்து வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டலாம். முதல் வகுப்பு அவ்வளவுதான். தலைப்பு வரியில் டேப் தட்டி, அதன் கீழே உள்ளதை மடித்து மறைப்பதுகூட நேரம் இருந்தால்தான்.

மற்றதெல்லாம் எங்கே போகும் என்றால், வரலாறு கடைசிக்குப் போகும், ஆசை இருப்பவன் படித்துக்கொள்வான். செட்டிங்ஸ் ஃபைல் முதல் மாதத்துக்கே வேண்டாம், ஒரு வரி செட்டிங் இல்லாமலே மேலே சொன்ன அத்தனையும் வேலை செய்யும். குறிகளின் அட்டவணையைத் துண்டுபோட்டு, எந்த வகுப்பில் எது வேண்டுமோ அதை மட்டும் அங்கே கொடுங்கள். சமக்குறிக்குள் எழுதினால் ஒன்று, டில்டாவுக்குள் (~) எழுதினால் இன்னொன்று என்று அரைப் பக்கம் விளக்கியிருக்கிறீர்களே, மழைப்பட்டியல் போடுகிற பிள்ளைக்கு அது எதற்கு? முழு விவரம் வேண்டுமென்றால் ஆர்க்கின் கையேடே இருக்கிறது, இருநூறு பக்கத்துக்கு மேல். அதைச் சுருக்கி ஒரு சிறு கையேடும் அவர்களே வைத்திருக்கிறார்கள். அவற்றோடு நாம் போட்டி போட வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்னாலேயே கொண்டுவர வேண்டும், அதுதான் கன்ட்ரோல்-சி. நாம் பழகின பெரும்பாலான மென்பொருளில் அது நகலெடுப்பது, ஈமேக்ஸில் அது ஒரு கட்டளையின் முதல் பாதி. மாணவன் பழக்கத்தில் எதையோ நகலெடுக்க கன்ட்ரோல்-சி தட்டுவான், ஈமேக்ஸ் மீதிப் பாதிக்காகக் காத்திருக்கும், அவன் அடுத்து தட்டும் எழுத்து எங்கேயோ போய் வேறு எதையோ செய்யும், கணினி மாட்டிக்கொண்டது என்று பவர் பட்டனைத் தேடுவான். ஆகவே முதல் பக்கத்து மேல் ஓரத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்: வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல்-ஜி, தப்பாகச் செய்துவிட்டால் கன்ட்ரோலும் சாய்வுக்கோடும், நகலெடுக்க ஆல்ட்-டபிள்யூ, ஒட்ட கன்ட்ரோல்-ஒய். இதுவும் கஷ்டம் என்றால் ஆப்ஷன்ஸ் மெனுவில் சி.யு.ஏ. கீஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்தால் எழுத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது மட்டும் கன்ட்ரோல்-சி நகலெடுக்கும். பழைய ஆட்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, பேரன் சொல்லிக்கொடுத்து ஊர்ப் பழங்கதைகளை ஆர்க்-மோடில் எழுதிவருகிறேன். நேற்று எதையோ அழுத்திவிட்டேன், எழுதியது அத்தனையும் காணோம். தலைப்பும் பக்கத்தில் மூன்று புள்ளியும்தான் மிச்சம். பேரன் சென்னையில் இருக்கிறான். (ஓய்வுபெற்ற ஆசிரியர், முத்தியால்பேட்டை, புதுவை)

பதில்: ஐயா, ஒரு வரிகூடப் போகவில்லை. கர்சரைத் தலைப்பு வரியில் வைத்து டேப் தட்டுங்கள், விரியும். ஒரு தட்டில் உள்தலைப்புகள், இன்னொரு தட்டில் எல்லாம், மூன்றாவது தட்டில் மறுபடி மடிந்துகொள்ளும். ஷிஃப்ட்டோடு டேப் தட்டினால் முழுக் கோப்புக்கும் இதே கதை. அந்த மூன்று புள்ளிக்கு 'உள்ளே சரக்கு இருக்கிறது' என்று அர்த்தம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். மடிந்திருக்கும் தலைப்பு வரியில் கன்ட்ரோல்-கே தட்டினால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வரி மட்டும் போகாது, உள்ளே மடிந்திருப்பதும் சேர்ந்து போகும். போனால் உடனே கன்ட்ரோலும் சாய்வுக்கோடும், திரும்ப வந்துவிடும். வாரம் ஒரு முறை கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்தும் வையுங்கள். பேரனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், மடிக்கச் சொல்லிக்கொடுத்தால் அதே மூச்சில் விரிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு மார்க்டவுன் (இதே மாதிரி சின்னக் குறிகள் போட்டு எழுதும் இன்னொரு முறை) தெரியும். எங்கள் கல்லூரி நண்பர்களுக்கு ஆர்க் டுடோரியல் எழுதும்போது 'மார்க்டவுனில் இப்படி, ஆர்க்கில் இப்படி' என்று இரண்டு பத்தி போட்டு ஒப்பிட்டால் சுலபமாக இருக்குமா? இல்லை, பேசாமல் மார்க்டவுனையே சொல்லிக்கொடுத்துவிடலாமா? (பொறியியல் மாணவர், லாஸ்பேட்டை)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில். உங்கள் நண்பர்கள் எழுதப்போவது கிட்ஹப் தளத்தில் நிரலோடு வைக்கிற ரீட்மீ என்ற விளக்கக் குறிப்பு மட்டும்தான் என்றால் மார்க்டவுனே போதும், ஆர்க் பக்கம் இழுக்காதீர்கள். ஜான் க்ரூபர் 2004-ல் வெளியிட்டபோதே மார்க்டவுனின் நோக்கம் வலைப்பக்கத்துக்கு எழுதுவதுதான், அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. மடித்து வைத்து எழுதுவது, வேலைகளுக்குத் தேதி போடுவது, அட்டவணையிலேயே கணக்கு என்று வரும்போதுதான் ஆர்க்.

ஒப்பீட்டுப் பத்தி மார்க்டவுன் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும். இரண்டும் தெரியாதவரிடம் இரண்டையும் நீட்டினால் இரண்டும் குழம்பும், ஏனென்றால் ஒரே குறிக்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு வேலை. ஒரு குழப்பத்தை மட்டும் காட்டுகிறேன். மார்க்டவுனில் தலைப்புக்கு # போடுவோம். அதே கை ஆர்க்கிலும் வரித் தொடக்கத்தில் # போட்டு இடைவெளி விட்டுத் தலைப்பு எழுதும். ஆர்க்கில் அது எழுதுபவர் தனக்காக வைத்துக்கொள்ளும் குறிப்பு வரி, எக்ஸ்போர்ட் செய்தால் வெளியே வராது. எடிட்டரில் தலைப்பு இருக்கிறது, பிரவுசரில் இல்லை! பிழைச் செய்தியும் வராது. அங்கிருந்து வருகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு கால் பக்கம் எழுதி, இப்படிச் சத்தமில்லாமல் ஏமாற்றுகிற இடங்களை மட்டும் சொல்லுங்கள். ஒற்றை நட்சத்திரத்துக்குள் எழுதினால் மார்க்டவுனில் சாய்வெழுத்து, ஆர்க்கில் தடித்த எழுத்து. இந்த மாதிரி.

கேள்வி: டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். ஆர்க் பற்றி இங்கிலீஷ் டுடோரியல் ஒன்றை அப்படியே பார்த்துத் தமிழில் அடித்தால் மூன்று இடத்தில் உதைக்கிறது. தடித்த எழுத்து சில சமயம் வருகிறது, சில சமயம் நட்சத்திரம் அப்படியே நிற்கிறது. அட்டவணையில் கோடுகள் கோணல் மாணலாக இருக்கின்றன. பி.டி.எஃப். எடுத்தால் தமிழே காணோம். மென்பொருளே தமிழுக்கு லாயக்கில்லையா? (வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: லாயக்குதான் அம்மா. அந்த டுடோரியலை எழுதினவர் தமிழில் ஒரு வரிகூட அடித்துப் பார்த்திருக்க மாட்டார். தமிழில் டுடோரியல் எழுதுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் ஆங்கிலத்தில் இருப்பதை மொழிபெயர்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்களே, அவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

தடித்த எழுத்து விஷயம். *புதுச்சேரி* என்று அடித்து இடைவெளி விட்டால் தடிக்கும். *புதுச்சேரி*க்கு என்று அடித்தால் தடிக்காது. மூடுகிற நட்சத்திரத்துக்குப் பின்னால் இடைவெளியோ, காற்புள்ளி முற்றுப்புள்ளி மாதிரி நிறுத்தக்குறியோ இருந்தால்தான் ஆர்க் அதை மூடுகிற குறியாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இடைவெளிதான், பிரச்சினை கண்ணில் படாது. நமக்கோ வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும்: க்கு, யில், யிலிருந்து, யை. சுலபமான வழி, உருபையும் உள்ளே சேர்த்து *புதுச்சேரிக்கு* என்று தடித்துவிடுவது. வகுப்பில் இதை மட்டும் சொல்லுங்கள், நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் போதும். ஊர்ப் பெயர் மட்டும்தான் தடிக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், நட்சத்திரத்துக்கும் உருபுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத ஓர் இடைவெளிக் குறியைச் செருக வேண்டும். கன்ட்ரோல்-எக்ஸ், 8, என்டர், அப்புறம் 200 என்று அடித்து ஒட்டி ஆங்கில பி, மறுபடி என்டர். ஆர்க் கையேடே சொல்லும் வழிதான் இது. தொடக்கத்தில் நட்சத்திரத்துக்கு முன்னாலும் இடைவெளி வேண்டும், அது தமிழில் அவ்வளவாகத் தொந்தரவு தராது.

அட்டவணை கோணலாக இருப்பது திரையில் மட்டும். ஒவ்வோர் எழுத்தும் ஒரே அகலம் என்ற கணக்கில்தான் ஆர்க் கட்டங்களைப் பிரிக்கும் நெடுங்கோடுகளை (|) ஒழுங்குபடுத்துகிறது. தமிழில் 'ணை' ஓர் அகலம், 'ர' ஓர் அகலம், 'ஔ' பற்றிச் சொல்லவே வேண்டாம். கோடுகள் எப்படி நேராக நிற்கும்? எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள், பிரவுசரில் கட்டங்கள் ஒழுங்காக இருக்கும். திரையிலும் நேராக வேண்டும் என்றால் வீஅலைன் என்று ஒரு துணைத் தொகுப்பு இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம். ஆனால் டுடோரியலில் கட்டாயம் இருக்க வேண்டியது ஒரு வரி: 'தமிழில் கோடுகள் வளைந்து தெரியும், தப்பு உன்னுடையது இல்லை, மேலே போ.' அந்த ஒரு வரி இல்லாததால் பிள்ளைகள் இடைவெளிப் பட்டனைத் தட்டித் தட்டி நேராக்கப் பார்க்கிறார்கள், டேப் தட்டினதும் ஆர்க் மறுபடி கலைக்கிறது, மணிக்கணக்கில் இந்த மல்லுக்கட்டு.

பி.டி.எஃப். இருப்பதிலேயே முரட்டு இடம். ஆர்க் நேரடியாக பி.டி.எஃப். செய்வதில்லை, லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளிடம் கொடுத்துச் செய்கிறது, வழக்கமாக அது கூப்பிடுகிற பி.டி.எஃப்.-லேட்டெக்குக்குத் தமிழ் ஒத்துவராது. ஸீலேட்டெக்கோ லுவாலேட்டெக்கோ பயன்படுத்தச் சொல்லி, நோட்டோ மாதிரி ஒரு தமிழ் எழுத்துருவின் பெயரையும் கோப்பின் தலையில் எழுதினால் அழகாக வரும், உங்கள் தொழிலுக்கு அது கற்றுக்கொள்ள வேண்டியதுதான். மற்றவர்களுக்கு? வலைப்பக்கமாக எக்ஸ்போர்ட் செய்து, பிரவுசரில் கன்ட்ரோல்-பி அழுத்தி, பி.டி.எஃப். ஆகச் சேமி. வேலை முடிந்தது. லிப்ரேஆபீஸ் வழி வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் மெனுவில் ஓ, மறுபடி ஓ. விண்டோஸில் ஸிப் என்ற சின்ன நிரல் இல்லாவிட்டால் அது முரண்டு பிடிக்கும், அதையும் டுடோரியலில் எழுத வேண்டும்.

நீங்கள் கேட்காத நாலாவது ஒன்று. கணினியின் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொண்டு எழுதினால், சில கணினிகளில் கன்ட்ரோலோடு தட்டும் எழுத்தும் தமிழாகவே போய், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஈமேக்ஸ் கைவிரிக்கும். ஈமேக்ஸுக்குள்ளேயே தமிழ் உள்ளீடு இருக்கிறது. கன்ட்ரோலும் பின்சாய்வுக்கோடும் சேர்த்து அழுத்தினால் எது வேண்டும் என்று கேட்கும், தமிழ்-ஐட்ரான்ஸ் என்று ஆங்கில எழுத்தில் (tamil-itrans) கொடுங்கள். ஒலிப்பு முறைதான், பழகியவர்களுக்குச் சுலபம். கட்டளைகள் தடங்கலில்லாமல் போகும், மறுபடி அதே பட்டனை அழுத்தினால் ஆங்கிலம்.

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். ஆர்க்-மோடில் கணக்கும் போடலாம் என்று மகன் நச்சரிக்கிறான். எக்ஸெல் இருக்கும்போது எதற்கு? (வியாபாரி, பண்ருட்டி)

பதில்: எக்ஸெலையே வைத்துக்கொள்ளுங்கள். தினசரிக் கணக்குக்கு அதுதான் வசதி, இல்லையென்றால் லிப்ரேஆபீஸ் கால்க்.

மகனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கடிதம், அறிக்கை, விலைப்புள்ளி மாதிரி எழுத்து நடுவில் ஒரு சின்ன அட்டவணை வரும்போது ஆர்க் கை கொடுக்கும். நெடுங்கோடு போட்டுப் பொருள், கிலோ, விலை, தொகை என்று நாலு தலைப்பு எழுதி, அடுத்த வரியில் ஒரு நெடுங்கோடும் சிறுகோடும் மட்டும் போட்டு டேப் தட்டினால் தலைப்புக்கு அடியில் கோடு முழுசாக ஓடும். அதற்குக் கீழே முந்திரி, 40, 110 என்று போட்டுவிட்டு (விலை சும்மா உதாரணத்துக்கு, சண்டைக்கு வராதீர்கள்) நாலாவது கட்டத்தில் =$2*$3 என்று எழுதி டேப் தட்டச் சொல்லுங்கள். 4400 என்று வந்து நிற்கும், அட்டவணைக்கு அடியில் சூத்திர வரி ஒன்றும் முளைக்கும். அந்த வரியில் கர்சரை வைத்து கன்ட்ரோல்-சி இரண்டு முறை தட்டினால் மற்ற வரிசைகளுக்கும் தொகை விழும். இதற்கு மேல் சூத்திரம் வேண்டும் என்றால் எக்ஸெல் பக்கம் போய்விடலாம்.

கேள்வி: டுடோரியலை வீடியோவாக எடுப்பதா, எழுத்தாகவே கொடுப்பதா? தமிழில் எழுதினால் பஃபர், விண்டோ, மெட்டா எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் போட வேண்டுமா? (பள்ளி ஆசிரியை, வில்லியனூர்)

பதில்: வீடியோ ஒரு தடவை காட்டலாம், ஆர்வம் வர. ஆனால் வீடியோவில் விரல் தெரியாது. திரையில் ஏதோ மாறுகிறது, எதைத் தட்டி மாறியது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது, நிறுத்தி நிறுத்திப் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஈமேக்ஸ் மாதிரி முழுக்க முழுக்கக் கீபோர்டில் ஓடுகிற ஒன்றுக்கு எழுத்துதான் சரி. பிள்ளைகள் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய ஒரு தாள், இரண்டு பக்கம், போதும்.

சொற்களைப் பொறுத்தவரை, திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே விடுங்கள். ஈமேக்ஸின் மெனு தமிழில் இல்லை. நீங்கள் 'இடையகம்' என்று எழுதினால் பிள்ளை திரையில் எங்கே தேடும்? அதற்குப் பதில் முதல் முறை வரும்போது அது என்ன என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள். பஃபர் என்றால் திறந்து வைத்திருக்கும் கோப்பு. மெட்டா என்றால் உங்கள் கீபோர்டில் ஆல்ட்; மெட்டா என்று எழுதின பட்டனை இப்போது எங்கேயும் பார்க்க முடியாது, பழைய காலக் கீபோர்டுகளோடு போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோ என்றால் ஈமேக்ஸில் திரையின் ஒரு தடுப்பு. நாம் விண்டோ என்று சொல்வதை அது ஃபிரேம் என்கிறது. 1976-ல் எம்.ஐ.டி.யில் தொடங்கின சமாச்சாரம் இது, இப்போது நமக்குப் பழகின பெயர்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஈமேக்ஸோடு வரும் அடிப்படை டுடோரியல் கன்ட்ரோல்-ஹெச், டி தட்டினால் திறக்கும், அதிலேயே எழுதி எழுதிப் பழகலாம். பிரெஞ்சில் இருக்கிறது, தாய்லாந்து மொழியில் இருக்கிறது, நான் பார்த்த பதிப்புகளில் தமிழில் இல்லை. பிரெஞ்சு படித்த புதுவைக்காரர்கள் அதையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ் வடிவம் செய்தால் நன்றாயிருக்கும். ஆசிரியைக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கிளப்பிவிடுங்கள். விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யு.ஜி. என்ற கட்டற்ற மென்பொருள் குழு இருக்கிறது, கணியம் மின்னிதழ் 2012 முதல் தமிழில் இந்த மாதிரி விஷயங்களை வெளியிடுகிறது, துணைக்கு ஆள் கிடைப்பார்கள்.

கேள்வி: டுடோரியல் எழுதி முடித்துவிட்டேன். நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நண்பர்களிடம் காட்டினால் 'சூப்பர்' என்கிறார்கள். (வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: காட்டாதீர்கள், செய்யச் சொல்லுங்கள். ஈமேக்ஸைக் கண்ணால் பார்க்காத ஒருவரைப் பிடியுங்கள், அத்தை மகளோ எதிர்வீட்டுப் பையனோ யாராக இருந்தாலும் சரி. தாளைக் கையில் கொடுத்து, பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கஷ்டம். அவர் தப்பான பட்டனைத் தேடும்போது நமக்குக் கை பரபரக்கும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு, அந்த வார்த்தை தாளில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். எந்த வரியில் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. எல்லோரும் ஒரே இடத்தில் நிமிர்ந்தால் அந்த இடத்தைத் திருப்பி எழுதுங்கள்.

அதற்கு முன்னால் நீங்களே செய்துபார்க்க வேண்டியது ஒன்று. உங்கள் ஈமேக்ஸ் இத்தனை நாளில் உங்களுக்கு ஏற்ற மாதிரி மாறியிருக்கும்: மெனு பட்டை மறைந்திருக்கும், நிறம் வேறாக இருக்கும், சில ஷார்ட்கட் நீங்களே வைத்ததாக இருக்கும், அது சொந்தச் சரக்கு என்பதே மறந்திருக்கும். டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் திரை) ஈமேக்ஸ் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சிறுகோடும் பெரிய எழுத்து க்யூவும் சேர்த்துத் திறங்கள். உங்கள் செட்டிங் எதுவும் இல்லாமல், கடையில் வாங்கின மாதிரி திறக்கும். அதில் உங்கள் தாளை முதல் வரியிலிருந்து செய்துபாருங்கள், படம் பிடிப்பதாக இருந்தாலும் அதிலேயே பிடியுங்கள். மெனு பட்டையை மறைக்க வேண்டாம். ஓ-ஆர்-ஜி கோப்பைத் திறந்தால் அங்கே ஆர்க், டேபிள் என்று இரண்டு மெனு கூடுதலாக வரும், பெரும்பாலான கட்டளைகளுக்குப் பக்கத்திலேயே அதன் ஷார்ட்கட் எழுதியிருக்கும். ஷார்ட்கட் மறந்துபோன பிள்ளைக்கு அதுவே கைகாட்டி, நீங்கள் தனியாகப் பட்டியல் அச்சடிக்க வேண்டாம்.